ஒரு சாணும் நாலு விரலும்

ஓட்மாரின் கராஜ் சுவர்
என் நிலத்துக்குள் வந்திருந்தது.
எவ்வளவு என்று கேட்டவர்களிடம்
கையை விரித்துக் காட்டினேன்:
ஒரு சாண், அதன்மேல் நாலு விரல்.
சிரித்தார்கள்.
இதற்கா நாலு வருஷம்?

இதற்குத்தான்.
அந்தச் சுவர் நிழலில் என் ருபார்ப் பாத்தி
ஏப்ரல் முடிந்தும் உறைபனி சுமந்து கிடந்தது.
இரண்டு வக்கீல்கள், பதினேழு கடிதங்கள்,
பதினேழிலும் "மதிப்பிற்குரிய".
பேக்கரி வரிசையில் அவன் நின்றால்
ரொட்டியே வேண்டாமென்று திரும்பிவிடுவேன்.
ஒரு குளிர்காலம் முழுக்க
நடைபாதைப் பனியை
என் கணக்குப்படியான எல்லைவரை வழித்து
அதற்கப்பால் ஒரு தூள்கூடத் தொடாமல் விட்டேன்.
தபால்காரி அந்தக் கோட்டில்தான் வழுக்கி விழுந்தாள்.

கடைசியில் எழுவரை அழைத்தோம்.
எங்கள் ஃபிராங்கோனியப் பக்கத்தில்
எல்லைக்கல் நடச் சத்தியம் செய்தவர்களுக்கு
அதுதான் பெயர்.
வந்தது நால்வர்.
ஒருவருக்கு மூட்டு அறுவை,
ஒருவர் செத்துப்போனார்,
ஒருவர் ஓட்மாரின் மைத்துனர், வரக்கூடாது.
தலைவி கெர்லிண்ட,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்,
மண்வெட்டியை ஊன்றியபடி சொன்னாள்:
திரும்பி நில்லுங்கள், ரெண்டு பேரும்.

கல்லுக்கு அடியில் எதையோ புதைத்திருப்பார்கள்.
சுட்ட மண்ணா, கண்ணாடியா, எந்த வரிசையில்,
வெளியே யாருக்கும் தெரியாது.
கல்லை எவனாவது இரவில் நகர்த்தினாலும்
அது நகராது.
வாயிலிருந்து காதுக்கு மட்டும் போகிற ரகசியம்.
கெர்லிண்டவின் புருஷன்
பதினோரு வருஷமாகக் கேட்டுப் பார்க்கிறானாம்.
நிலத்துக்காரர்கள்
எட்டிப் பார்க்கவும் கூடாது.

ஆகவே நின்றோம்,
தோளுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் விட்டு,
சண்டை போட்ட மண்ணுக்கு
முதுகைக் காட்டிக்கொண்டு.
எதிரே சாலை. பால் லாரி ஒன்று போனது.
பின்னால் மண்வெட்டி கூழாங்கல்லில் உரசியது.
யாரோ மெல்ல "ம்" என்றார்கள்.
கடைக்கண்ணில் பார்த்தேன்:
அவன் கோட்டுப் பொத்தான்கள்
ஒன்று தள்ளிப் போட்டிருந்தன.
ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் தொங்கி,
எல்லை மாறிய கோட்டு.

"உன் பேரி இந்த வருஷம் காய்க்கவில்லையே"
என்றான், சாலையிடம்.
"பூத்த வாரம் உறைபனி"
என்றேன், நானும் சாலையிடம்.
"எனக்கும்தான். செர்ரி."
அவ்வளவுதான்.
எதிரெதிரே நிற்கச் சொல்லியிருந்தால்
அதுவும் வந்திருக்காது.

திரும்பலாம் என்றார்கள்.
குழியை மூடியாகிவிட்டது. மண்ணின் நிறம் மட்டும்
அங்கே கொஞ்சம் கறுப்பு.
கெர்லிண்ட டேப்பை இழுத்தாள்.
முப்பத்தொரு சென்டிமீட்டர். என்னுடையது.
என் கை பொய் சொல்லவில்லை.

ஜெயித்தேன்.
ஜெயித்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
சுவரை இடி என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்,
நாலு வருஷமாக நாக்கில் பழக்கி வைத்த வாக்கியம்.
வந்தது வேறு:
"பொத்தானை ஒழுங்காகப் போடு."

அவன் குனிந்து பார்த்தான்.
நால்வரும் டேப்பைச் சுருட்டுவதில்
ரொம்பக் கவனமாக இருந்தார்கள்.

சுவர் நிற்கிறது.
அது நிற்கும் மண்ணுக்கு வாடகை,
வருஷத்துக்கு நாற்பத்து மூன்று யூரோ.
நோட்டரி முன்னால் கையெழுத்து;
அவருக்குக் கொடுத்ததில்
பத்து வருஷ வாடகை போயிற்று.
ருபார்பை வெயில் பக்கம் மாற்றினேன்.
ஐந்தில் மூன்று பிழைத்தது.

வங்கியில் போட்டால் போதும் என்றுதான்
ஒப்பந்தம் சொல்கிறது.
ஜனவரி முதல் வாரம்
ஐம்பது யூரோத் தாளோடு கதவைத் தட்டுகிறான்.
மீதி ஏழு யூரோவை
கிறிஸ்துமஸுக்கு முன்பே எண்ணி
இழுப்பறையில் வைத்திருப்பேன்.
இருந்தாலும் தேடுகிறேன்,
கைப்பையில், கோட்டுப் பைகளில்,
சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்,
காபி இறங்கும் வரை.